பொலிஸ் நிலையத்தில் நீர்நாய்க்குட்டி

அந்த விளையாட்டு இப்போது கைத்தொலைபேசியிலேயே வருகிறதாம். பழைய விளையாட்டுகளைத் தூசு தட்டித் திரும்ப விற்கிறார்களாம். மகள்தான் சொன்னாள். "பாருங்கோ அம்மா, என்ன வடிவு" என்று முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையின் இடது ஓரத்தில் நீர்நாய்க்குட்டி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். கண்ணாடி என் தலையில்தான் இருந்தது. அவள் அதைக் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு அது. வெள்ளத்தில் தாயைப் பிரிந்த நீர்நாய்க்குட்டி ஆற்றோடு போய்த் தாயைத் தேடும் கதை. படத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் தேடிப் பிடித்துவிடும். விளையாட்டில் அதைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்முடைய பாடு. ஓடலாம், பாயலாம், சிப்பியால் அடிக்கலாம். இடமிருந்து வலமாக மட்டும்தான் போகலாம். திரை ஒருமுறை நகர்ந்துவிட்டால் விட்டுவந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. மூன்று உயிர் தருவார்கள். மூன்றும் போனால் முதலிலிருந்து.

அப்போது நாங்கள் திகனவில், ஒரு முஸ்லிம் முதலாளியின் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே அவர் ரேடியோ, ரீவி விற்றார், திருத்தினார், படக் கசெட் வாடகைக்குக் கொடுத்தார். நான் கண்டி நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சாளர். காலையில் பஸ், மாலையில் பஸ். இரண்டு தடவையும் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, கைப்பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏற வேண்டும். ஏறும்போது என் இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பயத்தைவிட அந்த இருக்கை போவதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வருடங்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பயத்தை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது களைப்பு.

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் மரங்களுக்குக் கீழ் இருந்து, வவுனியா முகாமில் இருந்து, முகாமை விட்டு வெளியே போக ஒரு பாஸ் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது. என் வீட்டில் தங்குகிறான் என்று பொலிஸில் பதிந்தேன். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்ற ஒரு ஏஜென்சிக்காரன் கொழும்பில் இருந்தான். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்றான். தம்பி அதுவரை மேல்மாடியில் இருக்க வேண்டியிருந்தது. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு நூறு அடிக்கும் யாராவது மறித்து எங்கே பிறந்தாய் என்று கேட்பார்கள். அவனுக்குச் சிங்களமும் தெரியாது. நான் வேலைக்குப் போகும்போது எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானோ, வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலாளிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பழைய ரீவி ஒன்றையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"தங்கச்சி, தம்பி இப்படி சும்மா ஈந்தா தலை கெட்டுப் போகும். இத வெச்சிக்கோங்க. சவூதியிலேர்ந்து மச்சான் கொண்டு வந்தது. எங்கட புள்ளைகளுக்கு இப்ப படிப்பு ஈக்கிது."

பெட்டிக்குள் ஏற்கெனவே செருகியிருந்தது நீர்நாய்க்குட்டி. அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்நேரமும் ஆறு சலசலத்தது. நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சங்கீதம் மண்டையில் ஏறும். ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. சத்தத்தைக் குறை என்று தினமும் கத்தினேன். அவன் குறைப்பான், பத்து நிமிடத்தில் கூட்டுவான். ஆனாலும் அவன் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அந்த வருடம் மழை இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில்தான் பெரிய அணைக்கட்டு. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற அணை. சுற்றிவர ஆமிக் காவல். நீர்த்தேக்கம் வற்றியதால் முறை வைத்துக் கரண்டை வெட்டினார்கள். அந்த விளையாட்டில் இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. தம்பி நாலாம் கட்டத்துக்குப் போவான், லைட் போய்விடும். லைட் வரும், முதலாம் கட்டத்தில் முள்ளுப் பற்றைக்குப் பக்கத்தில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். வீடு போனதற்கு அவன் என் முன்னால் கோபப்பட்டதில்லை. இதற்கு ஒரு நாள் சுவரில் கையால் குத்தினான்.

அப்போது நான் சொன்னேன், "எல்லாத்தையும் எழுதி வையன். எங்கை பள்ளம், எங்கை கல்லு எண்டு தெரிஞ்சால் கெதியாய்ப் போகலாம்தானே."

அலுவலகப் புத்தி. ஒரு சீ.ஆர். கொப்பியும் வாங்கிக் கொடுத்தேன். தடித்த அட்டை போட்டது, கந்தோர்களில் பதிவு எழுதுகிற கொப்பி. கட்டத்துக்கு ஓர் இலக்கம், அதற்குள் இடத்துக்கு ஓர் இலக்கம் என்று பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவன் வரைபடக்காரன் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தவன். படிப்பு பாதியில் நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. பக்கங்களை ஒட்டி ஒட்டி நீளமாக வரைந்தான். ஆறு, பாலம், கல், மரம், எது எத்தனை அடி தூரம், எல்லாம். ஓரத்தில் அழகான சின்ன எழுத்தில் குறிப்பு. ஒரு குறிப்பு எனக்கு இன்றும் மனப்பாடம்: "4.7 அணை. காவல் மூன்று பேர். மூன்றாவது ஆள் திரும்பும்வரை மறைந்திரு. மூன்றாவது கல்லில் மிதித்தால் அணை உடையும். உடைந்ததும் வலப்பக்கம் ஓடு." அணையைக் காப்பது தொப்பி போட்ட பெருச்சாளிகள். அதை அவன் எழுதவில்லை. விளையாடுகிறவனுக்கு அது தெரியும்தானே.

எங்களைப் போன்றவர்கள் அப்போது வீட்டைத் துப்புரவாக்கும் விதமே வேறு. ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்ததும் எரிப்போம். இயக்கப் பகுதியில் அச்சான எந்தத் தாளும், அது கோயில் திருவிழா நோட்டீஸ் என்றாலும், இருக்கக் கூடாது. தம்பியின் பள்ளிக்கூடப் படத்தில் பின்வரிசையில் நின்ற இரண்டு பேர் இயக்கத்துக்குப் போனவர்கள் என்று அந்தப் படத்தையும் எரித்தேன். அலுமாரியை மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பேன். அந்தக் கொப்பி மட்டும் ரீவிக்கு மேலே, எல்லாருடைய கண்ணிலும் படும்படி கிடந்தது. விளையாட்டுச் சாமான் என்று நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கண்டியில் பெரிய குண்டு வெடித்த பிறகு வீடு வீடாகத் தேடினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். முதலாளி தொலைபேசியில் பேசினார்.

"தங்கச்சி, பதறாதீங்க. தம்பிய கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கொப்பியயும் எடுத்துட்டாங்க."

எந்தக் கொப்பி என்று நான் கேட்டேன். கேட்ட மறுகணமே விளங்கிவிட்டது. கதிரையில் உட்கார்ந்தேன். முன்னால் பாதி அடித்த கடிதம் மெஷினில் இருந்தது. அதை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று இன்றும் தெரியாது.

அந்தப் பொலிஸ் நிலையம் எது என்று சொல்ல விரும்பவில்லை. எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன, நீல நிறப் பூச்சு, நீள வாங்கு. இரண்டு நாள் அந்த வாங்கில் இருந்தேன். தம்பியைப் பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் பொறுப்பதிகாரி கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். கொப்பியை யாரோ சிங்களத்துக்கு மொழிபெயர்த்து, தட்டச்சில் அடித்திருந்தார்கள். நான் வாசித்துப் பார்த்தேன். அணை, காவல் மூன்று பேர், மறைந்திரு, மிதித்தால் உடையும். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. இலக்கம் போட்டுப் பிரித்த ஒழுங்கைப் பார்த்தால் யாரோ பயிற்சி கொடுத்த ஆள் செய்த வேலை என்று தெரிகிறது என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவனைக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அங்கே விசாரிப்பவர்கள் வேறு ஆட்கள். அங்கே போனவர்களின் தாய்மார் சிலரை எனக்குத் தெரியும். வருடக்கணக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவனை அனுப்புவதற்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

அது விளையாட்டு, மாத்தயா, ரீவியில் விளையாடுகிற விளையாட்டு என்று என் அலுவலகச் சிங்களத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார். என்னோடு வந்திருந்த முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில், "சாமானை இங்கேயே கொண்டுவந்து காட்டட்டுமா?" என்று கேட்டார். பொறுப்பதிகாரி யோசித்தார். பின்னேரம் அவருக்கு வேறு வேலை இருக்கவில்லைப் போலும். கொண்டு வா என்றார்.

முதலாளி தன் வான் வண்டியில் ரீவியையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நிலையத்தில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது, தேநீர்க் கேத்தலுக்கு. கேத்தலைக் கழற்றிவிட்டு இதைச் செருகினார்கள். மணி இரண்டரை. எங்கள் பகுதிக்கு நாலு மணிக்கு லைட் போகும் முறை. நாலாம் கட்டத்து அணை அதற்குள் வந்தாக வேண்டும்.

அந்த விளையாட்டை நான் ஒரு நாளும் விளையாடியதில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னதைத் தவிர எனக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. முள்ளுப் பற்றையிலேயே மூன்று உயிரும் போயின. மறுபடியும். மறுபடியும். சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி என் கையிலிருந்த பொத்தான் கட்டையை வாங்கிப் பார்த்தார். அவருடைய தடித்த விரல் இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கியது. குட்டி ஆற்றில் விழுந்தது. அவருடைய பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டோம். பொலிஸ் நிலையத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்றார் பொறுப்பதிகாரி. அந்த விஷயத்தில் அவர் நல்ல மனிதர்.

மணி மூன்றானது. "அப்ப தம்பியைக் கொண்டுவாருங்கள், அவனே விளையாடிக் காட்டட்டும்" என்றேன்.

கொண்டுவந்தார்கள். மூன்று நாளில் முதல் தடவை பார்க்கிறேன். நடந்துதான் வந்தான். நான் அவனுடைய கைகளைப் பார்த்தேன். விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கட்டையைப் பிடிக்கப் பார்த்தான், பிடிபடவில்லை. அவனைக் கூட்டிவந்த சார்ஜன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அந்தக் கைகளைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பின்னேரமும் கைவிட்டுப் போய்விடும்.

தம்பி என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தான். கட்டையை என் பக்கம் தள்ளினான்.

"நீங்கள் விளையாடுங்கோ அக்கா. நான் சொல்லுறன்."

மிகவும் தாழ்ந்த குரலில் பேசினான். பயத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன். பொறுப்பதிகாரி கொப்பியையும் மொழிபெயர்ப்பையும் விரித்து வைத்துக்கொண்டார். தமிழில் பேசக் கூடாது, விளங்குகிற மாதிரிப் பேசு என்றார். அவனுக்கு என்ன தெரியும். சார்ஜன்தான் சொல்லிக் கொடுத்தார், பாய் என்பதற்கு "பனின்ன" என்று. அதன் பிறகு தம்பி யாழ்ப்பாணத்து இழுப்போடு "பனின்ன" என்றான், நான் பாய்ந்தேன். "நில்" என்பதற்கு விரலைக் காட்டினான். அந்த விரலை.

முதலாம் கட்டம் போனது. ஒருவர் சொல்லச் சொல்ல, என்ன சொல்கிறார் என்று யோசிக்காமல் விரலை அமுக்குவதுதானே என் உத்தியோகம். பத்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனுடைய குரலை மட்டும் கேட்டேன். பனின்ன. பனின்ன. விரல். பனின்ன. இரண்டாம் கட்டம். பொறுப்பதிகாரி கொப்பியில் பக்கத்தைத் திருப்புவது கேட்டது. 2.3 உடைந்த பாலம் என்று வாசித்தார், திரையில் பாலம் உடைந்தது. 3.1 நெருப்பு என்று வாசித்தார், மரம் எரிந்தது. யாரோ ஒரு பொலிஸ்காரர் "அதே தான், சேர்" என்று சொன்னார். வாங்கில் இருந்தவர்களும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். முறைப்பாடு கொடுக்க வந்த ஒரு கிழவரும் நின்றார்.

அணைக்கு வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஓர் உயிர்தான் மிச்சம். என் கை வியர்த்து வழுக்கியது. மூன்று பெருச்சாளிகள் தொப்பி போட்டுக்கொண்டு அணைமேல் நடந்தன. சிரிப்பொலி எழுந்தது. பொறுப்பதிகாரியும் சிரித்தார். தம்பி விரலைக் காட்டினான். மூன்றாவது பெருச்சாளி திரும்பியது. "பனின்ன" என்றான். மூன்றாவது கல். அணை உடைந்தது. தண்ணீர் திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. இனி அவனுக்குச் சொல்ல நேரமில்லை, பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைத் தங்கச்சியாக்கி "பனின்ன, நங்கி, பனின்ன" என்று கத்தினார்கள். நான் ஓடினேன், பாய்ந்தேன், ஒரு மரக்குற்றி மிதந்து வந்தது, அதில் ஏறிவிட்டேன். குற்றி ஆட, குட்டி வாலை ஆட்டியது.

அவர்கள் கை தட்டினார்கள். சார்ஜன் என் தோளில் தட்டப் போய், தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார். முதலாளி கண்ணைத் துடைத்தார். நான் சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டியில்கூட நான் வென்றதில்லை. எனக்காக யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சில நொடி எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. திரும்பி அந்த ஆட்களின் முகங்களைப் பார்த்துச் சிரித்தேன். அதன் பிறகுதான் கீழே பார்த்தேன். தம்பி சிரிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவைத்த மாதிரி லைட் போனது.

அதன் பிறகு ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். முதலாளி பொறுப்புக் கையெழுத்துப் போட்டார். கொப்பியைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி அவனை விட்டார்கள். பொறுப்பதிகாரி வாசல்வரை வந்து, கடைசியில் அந்தக் குட்டி தாயைக் கண்டுபிடிக்குமா என்று கேட்டார். தெரியாது, மாத்தயா, அதுவரை யாரும் போனதில்லை என்றேன். அது உண்மை.

வானில் முதலாளி முன்னால் ஓட்டினார். நானும் தம்பியும் பின்னால், ரீவி நடுவில். வளைவுகளில் அது சரியாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவனால் பிடிக்க முடியாது. என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல இருந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவனை அடித்தவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். கை தட்டியவர்களும் அவர்கள்தான்.

அவன்தான் பேசினான், அதே தாழ்ந்த குரலில்.

"அக்கா, நீங்கள் சிரிச்சனீங்கள்."

"ஓம்" என்றேன்.

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்கும் சிரிப்பு வந்ததக்கா. அடிச்சதிலை நாடி வீங்கி வாய் திறக்க ஏலாது. அதுதான் சிரிக்கேல்லை."